நஞ்சப்பண்ணன் மடிக்காத இலை

நஞ்சப்பண்ணன் சொன்னதில் பாதியை நானே கழித்துவிட்டேன். மீதியை நீங்கள் உங்கள் வசதிப்படி கழித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறை கோயமுத்தூர் கணபதியில் இருக்கிறது. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைகிறோம். ஆயுத பூஜை முடிந்ததும் முதலாளி வருசா வருசம் ஒரு பஸ் பிடித்து, 'ஜில்லுத் தீவு' என்கிற தண்ணீர்ப் பூங்காவுக்கு எங்களை அனுப்பிவைப்பார். பஸ்ஸும் நுழைவுச் சீட்டும் அவர் செலவு. சோறு எங்கள் பாடு.

எங்கள் பாடு என்றேனே, அது சுத்தப் பொய். சோறு அம்சவேணி பாடு. கடைந்த சாமான்களுக்குப் பிசிர் எடுக்கிற வேலை அவருக்கு. பட்டறையில் இருக்கும் ஒரே பெண். முதல் வருசம் அவர் கொண்டுவந்த புளிசோறு நன்றாக இருக்கிறது என்று எவனோ வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றைக்கு அவர் தலையில் ஏறிய அண்டா இன்னும் இறங்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து ஒரு பஸ் ஆளுக்கு ஆக்குவார். வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள் என்பதால் அண்டா பஸ்ஸிலேயே இருக்கும். அண்டாவுக்குக் காவலாக அம்சவேணியும் இருப்பார். நாங்கள் ஈர டவுசரோடு வந்து தின்றுவிட்டு மறுபடி தண்ணீருக்கு ஓடுவோம். இத்தனை வருசத்தில் அந்த ஊரில் அவர் பார்த்ததெல்லாம் வண்டி நிறுத்துகிற இடம் ஒன்றுதான்.

இந்த வருசம் பூங்காவிலிருந்து ஒரு சாப்பாட்டு ப்ளான் அறிவித்திருந்தார்கள். முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் கையில் ஒரு மஞ்சள் பட்டி கட்டுவார்கள். காலையில் டிபன், மதியம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் பஜ்ஜி, டீ. எல்லாம் போதும் போதும் என்கிற வரைக்கும். அன்றைக்குப் பட்டறையில் டீ நேரம் முடிவதற்குள் வேண்டுமா வேண்டாமா என்று பூங்காவுக்குப் போனில் சொல்ல வேண்டும். கை தூக்கச் சொல்லி எண்ணுகிற வேலை ஃபோர்மேன் என்கிற முறையில் எனக்கு வந்தது.

அம்சவேணி முதலிலேயே சொல்லிவிட்டார். "ப்ளான் போடுங்க. இந்த வருசமாச்சும் நானும் தண்ணியில எறங்கோணும். அண்டா தூக்கித்தான் ஆகோணும்னா நான் பஸ்ஸே ஏறமாட்டேன்."

எல்லோரும் டீயை ஊதினார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தண்ணியில ஊறுனா பசி தாங்காதுங்க. தின்னு தீத்தரலாம். ப்ளான் கட்டும்" என்றான் லேத் ஓட்டுகிற சம்பத்து. எதையும் நோண்டிக் கேட்காமல் விடமாட்டான்.

"தின்னுட்டு ராட்டினத்துல தலைகீழாச் சுத்துனா அத்தனையும் வெளிய வந்துருமே. அப்ப நட்டந்தானே?" என்றார் ஒருவர்.

"அதையேன் யோசிச்சுட்டு? புளிசோறுதான் சும்மா கெடைக்குதல்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று தெரியும், சொல்ல மாட்டேன். அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் நஞ்சப்பண்ணன் தொண்டையைச் செருமினார். கிரைண்டிங் மிஷின் அவருடையது. பட்டறையிலேயே வயதில் மூத்தவர், ஆளும் வாட்டசாட்டமாக இருப்பார். அவர் செருமினால் டீ ஆறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அந்த ப்ளானைப் பத்தி எங்கிட்டக் கேக்காம நீங்களே பேசிக்கறீங்களே, இது நாயமுங்களா? அதே ஊர்ல, அதே பார்க்குல, மொத மொதல்ல இப்படி ஒரு ப்ளான் போட்டாங்க. அதை ஒழிச்சுக் கட்டுனவனே நாந்தானுங்க."

"எப்பங்ண்ணா?" என்றான் சம்பத்து.

"நீ டவுசர் போடாம திரிஞ்சப்ப. கேளு. வாசல்ல பட்டி கட்டுற புள்ள என்ற கையப் புடிச்சுது. பட்டி எட்டல. ரெண்டு பட்டிய முடிஞ்சு கட்டுச்சு. அப்பவே அந்தப் புள்ளைக்கு மூஞ்சி வாடிப்போச்சுங்க. உள்ள போயி டிபனுக்கு உக்காந்தேன். சமையக்கட்டுல இருந்து மாஸ்டரு ஓடி வாராரு. எந்தக் காலேஜுப் பஸ்ஸு வந்திருக்குதுன்னு கேக்கறாரு. நான் ஒருத்தன்தான் மாஸ்டரேன்னேன். அவரு குண்டாவ எட்டிப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, தொப்பியக் கழட்டி மேசை மேல வெச்சுட்டு வேற வேல தேடப் போயிட்டாரு."

"அதெப்படி, இட்லிக்கே வேலைய விட்டுட்டாரா?"

"இட்லிக்கு விடலீங்க. பொங்கலு வரட்டும்னு சொன்னேன் பாரு, அதுக்குத்தான் விட்டாரு."

சிரிப்பு எழுந்தது. அம்சவேணி மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நஞ்சப்பண்ணன் அடுத்த கியர் போட்டுவிட்டார்.

"மத்தியானம் இலைச் சாப்பாடு. செவுத்துல பெருசா எழுதி வெச்சிருக்கறான், 'இலையை மடிக்கும் வரை பரிமாறப்படும்'னு. நாலு பேரு படிச்சுட்டுச் சும்மா போவான். நான் ரோசன பண்ணேன். மடிக்கற வரைக்கும் போடோணும்னா, மடிக்காட்டி? சட்டப்படி பந்தி முடியலேன்னுதானுங்க அர்த்தம்? வயிறு கொஞ்சம் எளைப்பாறட்டும்னு எந்திரிச்சேன். இலைய மடிக்கல. அப்படியே சோத்தோட ரெண்டு கையிலயும் ஏந்திட்டு ராட்டினத்துப் பக்கம் நடந்தேன். சாம்பார் வாளி வெச்சிருந்தவரு பதறிட்டாரு. போர்டுல எழுதியிருக்குது, அவரு என்ன பண்ணுவாரு? பொறத்தாலேயே வந்தாரு."

"ராட்டினத்துலயுமா?"

"பக்கத்துச் சீட்டுலதானுங்க உக்காந்தாரு. அவருக்கு ஒரு பெல்ட்டு, வாளிக்கு ஒரு பெல்ட்டு. மேல ஏறுனோம். உச்சியில போயி வண்டி தலைகீழாத் திரும்புச்சு. அப்பத்தான் அவரு கேக்கறாரு, 'சார், சாம்பார் ஊத்தட்டுமா?'ன்னு. கடமைன்னா அது கடமை!"

"தலைகீழாப் போறப்ப சாம்பாரு கீழ விழாதுங்களாண்ணா?" சம்பத்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான்.

"நீ திங்கற கடைச் சாம்பாருன்னா விழும். அது கெட்டிச் சாம்பாருடா கண்ணு. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது பாரு, ஒரு முருங்கைக்காத் துண்டு மட்டும் நழுவிப் போச்சு. போனாப் போச்சுன்னு விட்டுட்டேன். வண்டி ஒரு சுத்துச் சுத்திட்டு வாரப்ப, அது மேல இருந்து எறங்கி நேரா என்ற இலையில, உப்புக்குப் பக்கத்துல வந்து உக்காந்துது."

பொய் சொல்லக் கூடாது என்பதை மனுசன் எவ்வளவு நம்பிச் சொல்கிறார் பாருங்கள். இவருடைய இந்த முகத்துக்காகவே ஒரு வருசம் இவரை முதலாளியிடம் இன்கிரிமென்ட் கேட்க அனுப்பிவைத்தோம். போனார். முதலாளியின் கஷ்டத்தைக் கேட்டு, சட்டைப் பையில் இருந்ததையும் கொடுத்துவிட்டு வந்தார்.

"அப்பறம் சறுக்குல ஏறுனேனுங்க. ரப்பர் வளையம் குடுத்தாங்க. எதுக்கு வளையம்? வாளிக்காரரோட இன்னொருத்தரு அப்பளக் கூடையத் தூக்கிட்டு வந்தாரு, அதுல பெரிய அப்பளமா ஒண்ணு எடுத்துப் போட்டு மேல உக்காந்தேன். மேல இருந்து கீழ வரைக்கும் வழுக்கிட்டு வந்தேன், அத்தனை தண்ணியிலயும் ஒரு ஓரம் நமுக்கல. கீழ வந்து கடிச்சதுக்குத்தான் நொறுங்குச்சு."

"உங்க வெயிட்டுக்கா?"

"பொரிச்ச பக்குவம் அப்படி. அப்படியே போயி அலையடிக்குது பாரு, அந்தக் கொளத்துல மல்லாக்கப் படுத்தேன். வயித்து மேல இலை. ரசம் ஊத்துங்கன்னேன். ஊத்தற நேரம் பாத்து அலை வந்துருச்சுங்க. மொத்த ரசமும் கொளத்துல கலந்து போச்சு. மொளகு ரசம். அவ்வளவுதான், சளி புடிச்சிருந்தவனெல்லாம் மூக்க உறிஞ்சறத நிறுத்திட்டான். சாயங்காலத்துக்குள்ள பொள்ளாச்சியில இருந்து லாரி புடிச்சு ஆளுக வந்து எறங்குறாங்க, கொளத்துல முங்கறதுக்கு! மருந்து போட்டுத் தண்ணி சுத்தம் பண்ணுவாங்களே, அதையே நிறுத்திட்டாங்க. மொளகே போதும்னுட்டாங்க."

"ஏனுங்ண்ணா," என்றார் அம்சவேணி, "அந்தக் கொளத்துல தண்ணி எவ்வளவு ஆழம் இருக்குமுங்க?"

அவர் கேட்ட விதத்தில் கேலி இல்லை. நிஜமாகத்தான் கேட்டார். நஞ்சப்பண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை. "என்ற கழுத்து வரைக்கும்னு வெச்சுக்க அம்மணி" என்றுவிட்டுச் சம்பத்து பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நானும் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பொழுது சாயறப்ப அரிசி தீந்து போச்சு. காங்கயத்துல இருந்து லாரியில அரிசி வருது. கழுவத் தண்ணி பத்தல. டேமைத் தொறந்துட்டாங்க."

"டேமைத் தொறந்தா பேப்பர்ல போடுவாங்களேண்ணா!"

"போட்டாங்களே! பாசனத்துக்குன்னு போட்டாங்க. நஞ்சப்பனுக்கு அரிசி கழுவன்னு போட்டா நாடு சிரிக்காதா? அப்பத்தான் பார்க்கு மொதலாளியே நேர்ல வந்தாரு. கண்ணு கலங்கிப் போச்சு. 'ஐயா, தயவு பண்ணி இலைய மடிச்சுருங்க'ங்கறாரு. எந்தப் பக்கமா மடிக்கட்டும்னு கேட்டேன். முழிச்சாரு. என்ற பக்கமா மடிச்சா திருப்தியாச் சாப்பிட்டேன்னு அர்த்தம். எனக்கு இன்னும் திருப்தி ஆகலையே, பொய்யா எப்படி மடிப்பேன்? அந்தப் பக்கமா மடிக்கலாம்னா அது கருமாதிப் பந்திக்கு மடிக்கறது. இத்தாப்பெரிய பார்க்குக்கு அபசகுனம் பண்ணலாமுங்களா? ரெண்டுக்கும் வழியில்லாம, விரிச்ச இலை விரிச்சபடியே தூக்கிட்டு நான் ஊருக்கு பஸ் ஏறிட்டேன். அன்னைக்கே அந்த ப்ளானை நிறுத்துனவங்கதானுங்க."

"அந்த வாளிக்காரர் என்னங்ண்ணா ஆனாரு?"

"எங்க போவாரு? இன்னும் இலை மடிக்கலையே. எங்க வீதியிலதான் வாடகைக்கு இருக்கறாரு. கலியாணம் ஆயி ரெண்டு கொழந்தைங்க. மூத்ததுக்குக் காதுகுத்து வெச்சப்ப நாந்தான் மாமன் முறைக்கு உக்காந்தேன். தெனமும் காத்தால வாளியோட வந்து 'சாம்பார் வேணுங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் போவாரு."

பட்டறையே குலுங்கியது. சம்பத்து விக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். சிரிப்பு அடங்குவதற்காகக் காத்திருந்து, நஞ்சப்பண்ணன் குரலைத் தாழ்த்தி விசயத்துக்கு வந்தார்.

"அதனால சொல்றேன், காசு போட்டு ப்ளான் வாங்காதீங்க. என்ற பந்தி அங்க இன்னும் முடியல. வாசல்ல நஞ்சப்பன் ஆளுகன்னு சொல்லுங்க, என்ற இலைக் கணக்குலயே அத்தனை பேருக்கும் போட்டுருவாங்க. எதுக்கும் இருக்கட்டும், கைக்காவலுக்கு அம்மணி ஒரு அண்டாப் புளிசோறு மட்டும் கட்டிட்டு வரட்டும்."

இத்தனை பெரிய கதையும் அந்த ஒரு அண்டாவுக்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல தலைகள் ஆடின. பின்னால் இருந்த கல்யாணப் பையன், "அண்ணன் சொல்றதும் சரிதானுங்க" என்றான். சிரித்த வாயோடு கை தூக்கச் சொன்னால் அம்சவேணி இந்த வருசமும் வண்டி நிறுத்துகிற இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறக்கத்தான் தெரியவில்லை.

அம்சவேணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏனுங்ண்ணா, அந்த இலைய நீங்க நிசமாவே மடிக்கலீங்களா?"

"சத்தியமா மடிக்கல அம்மணி!"

"அப்ப உங்க சாப்பாடு இன்னும் முடியலீங்க."

"முடியவே இல்ல!"

"சரிங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "பந்தியில உக்காந்திருக்கறவருக்குப் புளிசோறு எதுக்குங்க? ப்ளான் எதுக்குங்க? அண்ணனை விட்டுட்டு மத்த எல்லாருக்கும் ப்ளான் சொல்லிருங்க. அண்ணன் அவரு இலையில சாப்பிட்டுக்குவாரு."

முதலில் சம்பத்து கையைத் தூக்கினான். அவன் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். கல்யாணப் பையன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்கினான். நான் எண்ண ஆரம்பித்தபோது தூக்காத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நஞ்சப்பண்ணன் வழுக்கைத் தலையைத் தடவினார். பூங்காவுக்குள் ஒரு நாள் முழுக்கப் பட்டி இல்லாமல் பஜ்ஜி வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு திரிவதை அவர் மனசு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கும்.

"அம்மணி," என்றார். குரல் பாதியாகிப் போயிருந்தது. "அது வந்து... அந்த இலைய மடிச்சாச்சு அம்மணி."

"எப்பங்ண்ணா?"

"இப்பத்தான்."

"அப்ப எந்திரிச்சுப் போயிக் கையக் கழுவிட்டு வந்து தூக்குங்க," என்றார் அம்சவேணி. "எச்சக் கையெல்லாம் எண்ண மாட்டாங்க."