லாபம்... ரெண்டு... மூணு...

வெகு காலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட அளந்தான் என்பதுதான் பொருத்தம். புலவரின் புலமையைத் தாடி நீளத்தை வைத்து அளப்பான். சமையல்காரனின் கைப்பக்குவத்தைத் தொப்பைச் சுற்றளவை வைத்து அளப்பான். தப்போ சரியோ, அளந்துவிட்டோம் என்ற நிம்மதி அவனுக்கு!

அரண்மனைக்கு இரண்டு பண்ணைகள். பரப்பு ஒன்றேதான். ஒன்று ஆற்றங்கரையில் இருந்தது. தொட்டால் ஈரம் ஒட்டுகிற மண். அதற்கு மணியக்காரன் கூத்தபிரான், பொக்கிஷதார் விடங்கனின் மைத்துனன். மற்றது கரட்டுமேட்டில்; அங்கே கல்தான் முதல் போகம். அதைக் கட்டி மேய்த்தவன் மாசாணம். பாவம், அரண்மனையில் அவனுக்கு மாமன் மச்சான் யாரும் கிடையாது.

ஒருநாள் அமைச்சர் காரியார், "மாசாணம் கெட்டிக்காரன்" என்று சபையில் சொல்லிவிட்டார். விடங்கனுக்கு வயிறு எரிந்தது.

"பிரபு, வாயால் சொன்னால் ஆயிற்றா? அளந்தே பார்த்துவிடலாமே!" என்று ராஜாவின் காதில் ஓதினான்.

அளப்பது என்றால் ராஜாவுக்கு வெல்லக்கட்டி. "இரண்டு பண்ணை நெல்லும் முற்றத்துக்கு வரட்டும். யார் நெல் அதிகமோ அவனே இரண்டு பண்ணைக்கும் தலைவன். குறைந்தவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டும்!"

நெல் வந்தது. ஆற்றங்கரைக் குவியல் யானை உயரம். மேட்டுக் குவியல் கன்றுக்குட்டி உயரம். மாசாணத்தின் மனைவி கைக்குழந்தையோடு ஓரமாக நின்று அழுதாள்.

"பிரபு, மேட்டுல தண்ணி ஏறாதுங்க..." என்று தொடங்கினான் மாசாணம்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" என்று வெட்டினான் விடங்கன். சபை சிரித்தது.

அளவுக்காரன் சுடலை நெல் அளக்கும் மரக்காலை எடுத்தான். "லாபம்... ரெண்டு... மூணு..."

"நிறுத்து!" என்றார் காரியார். "லாபத்துக்கு அடுத்து ரெண்டு வருகிறதே, ஒன்று எங்கே போயிற்று?"

"சாமி, மொத மரக்காலை நாங்க ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். லாபம்னுதான் சொல்லுவோம். மங்களமா இருக்கட்டும்னு."

"களத்தில் அது மங்களம். கணக்கில் அதுவே பிசகு. பிரபு, இந்தக் குவியலில் முதலை லாபம் என்று நினைத்துவிட்டீர்கள்."

"முதலையா!" ராஜா இரண்டு காலையும் சிங்காசனத்தின்மேல் தூக்கிக்கொண்டான். "நெல்லுக்குள்ளேயா? ஆற்றிலிருந்து வந்துவிட்டதா?"

"கடிக்கிற முதலை இல்லை, பிரபு. தாங்கள் போட்ட முதல். நிலம், விதை, மாடு, தண்ணீர். அவற்றால் யாருக்கும் விளையக்கூடியதைக் கழித்தால்தானே மணியக்காரனின் சாமர்த்தியம் தெரியும்?"

விடங்கன் குலுங்கிச் சிரித்தான். "ஆற்றையும் கழிப்பாராம்! எந்த மரக்காலால்?"

"உம்முடைய மரக்காலால்தான், பொக்கிஷதாரே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே! வரி வாங்க ஒவ்வொரு வயலின் விளைச்சலையும் நீரே எழுதிவைத்திருக்கிறீர். அதே பரப்பில், கரையில் ஒரு சாதாரணக் குடியானவர் எவ்வளவு எடுக்கிறார்? மேட்டில் எவ்வளவு? வாசியும். அந்த அளவை இரண்டு குவியலிலும் முதல் என்று ஒதுக்குவோம். மிச்சத்துக்குத்தான் சுடலை லாபம் என்று குரல் கொடுக்கவேண்டும்."

"அளவுக்குமேல் அளவா! பேஷ்!" என்றான் ராஜா.

விடங்கன் வரி ஏட்டைப் பிரித்து வாசித்தான். முதலில் மேட்டுக் குவியல். முதலை ஒதுக்கியும் நெல் நிறைய மிஞ்சியது. சுடலை ராகம் போட்டு அளந்தான். மாசாணத்தின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுக் குரலை எண்ணத் தொடங்கினாள்.

அடுத்து ஆற்றங்கரை. முதலை அள்ள அள்ள யானை குதிரையாகி, குதிரை ஆடாகி, ஆடும் காணாமல் போயிற்று. சுடலை தரையைக் கூட்டிப் பெருக்கியும் பார்த்துவிட்டு, காலி மரக்காலோடு நிமிர்ந்தான்.

"சாமி, இன்னும் முதலே தேறல. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நஷ்டம் என்று சொல், கூச்சப்படாதே!" என்றான் ராஜா.

"கூத்தபிரானைக் குறை சொல்லக்கூடாது, பிரபு," என்றார் காரியார். "அவர் பாட்டுக்குத் தூங்கினார். ஆறுதான் விவசாயம் பார்த்தது."

ராஜா மாசாணத்தை இரண்டு பண்ணைக்கும் தலைவனாக்கினான். கூத்தபிரானை நாடு கடத்தப் போனபோது மாசாணம் குறுக்கிட்டான். "வேண்டாங்க பிரபு. மேட்டுல கல்லு பொறுக்க ஆள் பத்தல." அப்படியே ஆயிற்று. முற்றத்து நெல்லை எல்லாம் விடங்கனே சுமந்து களஞ்சியத்தில் சேர்க்கவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. காரியாருக்கு முத்துமாலை கிடைத்தது.

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மீசையை முறுக்கினான். "காரியாரே, நம் நாடு இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே, இதே கணக்கில் நம் சாமர்த்தியத்தையும் அளந்துவிடும்!"

"ஆகட்டும், பிரபு. பாட்டனார் வெட்டிய ஏரிகளை முதலில் கழிப்போம். அப்புறம் தகப்பனார் கட்டிய கோட்டை, அவர் சேர்த்துவைத்த பொக்கிஷம்..."

"சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது!" ராஜா துள்ளி எழுந்தான். "சபை கலையலாம்!"

அதற்குப் பிறகு அந்த ராஜா மரக்காலைக் கண்டாலே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவானாம்.