மதுரைக் காற்று

நாகப்பட்டினத்தில் கடலை ஒட்டிக் கல்யாண மண்டபம் கட்டக் கிளம்பிய வைரக்கண்ணு முதலாளி, பிளான் வரையும் செங்கமலத்திடம் எகிறினார்.

"கூரைக்கு எதுக்கு இவ்வளவு இரும்பு?"

"புயல் அடிக்கிற ஊருங்க. காத்து வேகம் வினாடிக்கு ஐம்பது மீட்டர்னு கணக்குப் போடணும்."

"மதுரைக்கு எவ்வளவு?"

"முப்பத்தொன்பதுங்க."

"அதையே போடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

மறுநாள் நகராட்சி அதிகாரி பிளானைப் பிரித்ததும் விழித்தார். "மண்டபம் மதுரையிலயா கட்டறீங்க?"

முதலாளி பதறிப்போய்ச் செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, என் மனை இங்கேதானே இருக்கு! மதுரைன்னு எதுக்கு எழுதினே?"

"மதுரைக் காத்து மதுரையிலதானே முதலாளி அடிக்கும்? மனையை நகர்த்த முடியாதுன்னா, காத்தை மட்டும் நான் எப்படிங்க நகர்த்துவேன்?"

ஜன்னல் கதவு படாரென்று அடித்தது.

"ஐம்பதே போட்டுத் தொலை," என்றார் முதலாளி, பறக்கும் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே.