தெரிந்தவரிடம் சீட்டு எதற்கு?

மேலக்கொம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. முதலாளி வடமலை, வேலைக்கு அவன் கூட்டாளிகள் இசக்கியும் சூரப்பனும். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதுவும் பாதி நாள் லீவு.

வடமலையின் தாய்மாமன் பஸ் முதலாளி. "மாப்ளே, பஸ் எங்க வருதுன்னு ஸ்டாண்டுல திரை போட்டுக் காட்டு. சாயங்காலத்துக்குள்ள ஓடலேன்னா, என் மக உமையாளை வேற இடத்துல கட்டிக் கொடுத்துருவேன்" என்றுவிட்டார். வடமலைக்கு உமையாள் என்றால் உயிர்.

நிமிஷத்துக்கு ஒருதரம் "பஸ் எங்கே?" என்று, பஸ் விவரம் வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டரைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் தடவை பதில் ஜோராக வந்தது. இரண்டாம் தடவை, "நீ யார்?" மூன்றாம் தடவையும் அதே.

"சர்வருக்கு மறதி வியாதி" என்றான் சூரப்பன்.

"இப்பத்தானே பேசிச்சு! கண் பட்டிருக்கும்" என்றான் இசக்கி.

எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். சூடம் காட்டினார்கள். சர்வர் மசியவில்லை. வேறு வழியில்லாமல் வடமலை உமையாளுக்கே போன் போட்டான். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். வந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"அத்தான், ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் அனுமதிச் சீட்டைக் கூடவே அனுப்பணும். முதல் தடவைக்குத்தான் இருக்கு. மிச்சத்துல யாரு எடுத்தது?"

"நான்தான் மதினி" என்றான் இசக்கி பெருமையாக. "அறிமுகமானவர்கிட்ட திரும்பத் திரும்பச் சீட்டை நீட்டினா, அவரு மனசு நோகாதா?"

"அதுக்கு மனசும் கிடையாது, ஞாபகமும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் யாருன்னு காட்டினாத்தான் காரியம் நடக்கும். மண்டையில ஏத்திக்கோங்க!"

ஏற்றிக்கொண்டார்கள். திரை ஓடியது. மாமன் குளிர்ந்துபோய்க் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்.

முகூர்த்தத்தில் வடமலை முதலில் தன் ஆதார் அட்டையை உமையாளிடம் காட்டினான். பிறகுதான் தாலியில் ஒரு முடிச்சுப் போட்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மிச்ச ரெண்டு முடிச்சு நாத்தனார் போடவேண்டியது. வடமலையின் அக்கா குழலி குனிந்தாள், சூரப்பன் மறித்தான்.

"அட்டை?"

"ஏலே, நான் மாப்பிள்ளை கூடப்பிறந்தவ! அதான் அவன் காட்டிட்டானே?"

"அது முதல் முடிச்சுக்கு."

நல்ல நேரம் முடியக் கால்மணிதான் பாக்கி. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்கு ஓடினாள் குழலி. வாசலில் காவலுக்கு இசக்கி நின்றான்.

"வழிய விடுல, ஆதார் அட்டை எடுக்கணும்!"

"தாராளமா எடுங்கக்கா" என்று கையை நீட்டினான் இசக்கி. "உள்ள போக முதல்ல அட்டையைக் காட்டுங்க."