குஞ்சரத்தின் பச்சைப் பாவாடை

முன்னொரு காலத்தில் கரும்பூர் நாட்டைப் பூலோகசிங்க மகாராஜா ஆண்டு வந்தார். பெயர்தான் பூலோகசிங்கம், காலையில் குதிரை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் நாட்டின் எல்லை வந்துவிடும். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதே அவருக்கு வேதம்.

அவருடைய மந்திரி ஆதிமூலத்துக்கு நான்கு பெண் பிள்ளைகள். கை சுத்தமான மந்திரி என்பதால் வீட்டில் எதையும் வீணாக்க முடியாது. பெரியவளுக்குத் தைத்த பச்சைப் பாவாடை இரண்டாமவளுக்குப் போய், மூன்றாமவளுக்குப் போய், இப்போது ஐந்து வயதுக் குஞ்சரத்திடம் வந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் அரண்மனைப் பொங்கல் விருந்துக்கு வந்தாள்.

பட்டாடைக் கிடங்கின் அதிகாரி வைரவநாதருக்கு மந்திரி பதவி மேல் வெகு நாளாக ஒரு கண். அவர் பாவாடையைப் பார்த்தார். ராஜாவின் காதோரம் குனிந்தார். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"மந்திரியார் வீட்டில் துணிப் பஞ்சம் போலிருக்கிறது, மகாராஜா. மூன்று அக்காமார் உடுத்திக் கழித்ததைச் சின்னக் குழந்தைக்குச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். அயல்நாட்டுத் தூதர் யாராவது பார்த்தால் நம் மானம் என்ன ஆவது?"

சபை சிரித்தது. எதற்கென்று தெரியாமல் குஞ்சரமும் சேர்ந்து சிரித்தாள். ஆதிமூலத்துக்குத்தான் காது மடல் சுட்டது.

ராஜா அங்கேயே ஆணை போட்டார். "மூத்தவர் பயன்படுத்திய எந்தப் பொருளையும் இனி இந்த நாட்டில் இளையவர் பயன்படுத்தக் கூடாது. மீறினால் பறிமுதல்."

"அதை மந்திரியாரே நிறைவேற்றட்டும்," என்றார் வைரவநாதர். "ஒரு வீட்டை விட்டாலும் பதவியை விட்டு இறங்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

மறுநாள் முதல் ஆதிமூலம் தெருத் தெருவாகப் போனார். தொட்டில்கள், பால் புகட்டும் பாலாடைகள், கிலுகிலுப்பைகள் எல்லாம் அரண்மனைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. நெசவுக்காரத் தெருவில் ஒருத்தி நடைவண்டியைத் தர மறுத்து மறித்துக்கொண்டு நின்றாள். "ஆறு பிள்ளைங்க நடை பழகின வண்டி ஐயா. ஏழாவது நேத்துதான் எழுந்து நின்னான். புதுசுக்கு நான் எங்க போவேன்?"

ஆதிமூலம் வண்டியை அவள் வாசலிலேயே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வீட்டை விட்டாச்சு. இனி பதவி போன மாதிரிதான்," என்றார்.

மனைவி வடிவாம்பாள் கேட்டாள்: "அந்த ஆணையில பிள்ளைங்க சாமான் மட்டும்னு எங்கேயாவது இருக்கா?"

ஆதிமூலம் ஆணை எழுதிய ஓலையை எடுத்து ஒருமுறை படித்தார். பிறகு நிதானமாக இன்னொரு முறை படித்தார். அதன்பின் மோர் கேட்டு வாங்கி, வயிறாரச் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை ராஜா சபைக்கு வந்தார். சிங்காசனம் இருந்த இடத்தில் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது.

"ஆதிமூலம், சிங்காசனம் எங்கே?"

"பறிமுதல் செய்துவிட்டேன், மகாராஜா. தங்கள் பாட்டனார் உட்கார்ந்தது, பிறகு தங்கள் தந்தையார் உட்கார்ந்தது. மூத்தவர்கள் பயன்படுத்திய பொருள் ஆயிற்றே. தலையில் இருப்பதையும் தயவுசெய்து கழற்றித் தர வேண்டும். அது ஐந்து தலை கண்ட கிரீடம்."

கட்டியக்காரன் ராஜாவின் பட்டங்களைச் சொல்லி வாழ்த்த வாயைத் திறந்தான். "ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட..." என்று இழுத்தவன் அதோடு நிறுத்திவிட்டு விழித்தான்.

"ஏன் நிறுத்தினாய்?" என்றார் ராஜா.

"பூலோகசிங்கம் என்பது தங்கள் பாட்டனார் பேர் என்று மந்திரியார் சொல்கிறார். எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, மகாராஜா."

வைரவநாதர் துள்ளி எழுந்தார். "இது ராஜத் துரோகம். இவரைச் சிறையில் போட வேண்டும்."

"நீங்கள் எந்தப் பதவியில் இருந்து பேசுகிறீர்கள்?" என்று ஆதிமூலம் அமைதியாகக் கேட்டார். "கிடங்கு அதிகாரி வேலை உங்கள் அப்பா பார்த்தது. அவருக்குப் பின் உங்களுக்கு வந்தது. சாவிக்கொத்தைக் கொடுங்கள். அந்த வைரக் கடுக்கனும் அவருடையதுதானே?"

வைரவநாதரின் கை தானாகக் காதைப் பொத்திக்கொண்டது. அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சொந்தமென்று ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா, ஆதிமூலம்?"

"இந்த ஆணை ஒன்றுதான், மகாராஜா. இது மட்டும் தாங்களே புதிதாகச் செய்தது."

ராஜா பாயைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பாவாடையை நான் பார்க்க வேண்டும்," என்றார்.

முதல் நாளே கொட்டகைக்குப் போயிருந்த பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு குஞ்சரம் வந்தாள். கூடவே இளவரசி கமலவேணியும் வந்து நின்றாள்.

"இந்த மாங்காய் பெரியக்கா தைச்சது," என்று குஞ்சரம் பாவாடையை விரித்துக் காட்டினாள். "தங்கச்சிக்குக் குடுக்கும்போது சும்மா குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லும். கிளி ரெண்டாவது அக்கா. சின்னக்காவுக்குப் பூத் தைக்க வரலை, அதனால பை வெச்சுக் குடுத்தா." பைக்குள் கைவிட்டு நாலு வேர்க்கடலையை எடுத்து ராஜாவிடம் நீட்டினாள்.

ராஜா வாங்கித் தின்றார்.

"என்கிட்ட நாற்பது பட்டுப் பாவாடை இருக்கு," என்றாள் இளவரசி மெதுவாக. "ஒன்றிலும் பை இல்லை. எனக்குத் தைத்துத் தர அக்காவும் இல்லை."

அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார் ராஜா. ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். தம் தோளில் கிடந்த பழைய சால்வையை எடுத்து ஆதிமூலத்துக்குப் போர்த்தி, "இது என் தந்தையார் போர்த்தியது, பிறகு நான் போர்த்தியது. இனி உமக்கு," என்றார். வைரவநாதருக்கும் ஒரு வேலை கிடைத்தது. கொட்டகையில் இருந்த தொட்டில்களை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து, வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த வீட்டிலும் "பழசு" என்ற சொல் அவர் வாயில் வரக்கூடாது.

அன்று முதல் கமலவேணி தினமும் வடிவாம்பாளிடம் ஊசி பிடிக்கப் போனாள். ஒரு மாதம் பாடுபட்டுத் தன் பட்டுப் பாவாடை ஒன்றில் யானை தைத்து, "இது என் தங்கைக்கு," என்று குஞ்சரத்துக்குக் கட்டிவிட்டாள். சபையில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் பன்றி என்றார், இன்னொருவர் பூசணிக்காய் என்றார்.

ராஜா எழுந்து நின்று சொன்னார்: "அது யானை. இது என் ஆணை."

அந்த ஆணையை மட்டும் கரும்பூர் நாட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.