முன்சொல்லியின் நான்கு முட்டைகள்

அந்தக் காலத்தில், மாடும் மனிதனும் காக்கையும் கருவண்டும் ஒரே பேச்சைப் பேசி, ஒன்றையொன்று முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஏரி இருந்தது. கோடை வந்தால் நடுவில் ஒரு குட்டைத் தண்ணீர்தான் மிஞ்சும். மற்ற இடமெல்லாம் வெடித்த களிமண். அந்தக் களிமண்ணில் ஒரு குருவி குடியிருந்தாள். நெட்டையான மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல், கழுத்தில் கறுப்பு. அப்போது அவள் பெயர் முன்சொல்லி.

பெயர் சும்மா வரவில்லை. கரைமேல் ஒரு தலை தெரிந்தால் போதும், இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமலே வருவது இன்னார் என்று சொல்லிவிடுவாள். “கையில் கோல். இடையன். நல்லவன், மேயுங்கள்” என்பாள். “கையில் கண்ணி. வேடன். ஓடுங்கள்” என்பாள். சொன்னதெல்லாம் பலித்தது. பலித்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வேடன் என்று அவள் சொன்னதும் அத்தனையும் ஓடி ஒளிந்துகொள்ளும். வந்தவன் வேடன்தானா என்று நின்று பார்க்க அங்கே யார் இருந்தார்கள்?

அந்த வருஷம் அவள் நான்கு முட்டை இட்டிருந்தாள். கூடு என்று ஒன்றும் கிடையாது. மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல், அவ்வளவுதான். பத்தடி தள்ளி ஒரு வானம்பாடி இரண்டு முட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் தடவை. எதற்கெடுத்தாலும் “அக்கா, அக்கா” என்று முன்சொல்லியைத்தான் கேட்பாள்.

ஒருநாள் காலையில் கரைமேல் ஓர் ஆள் வந்தான். தோளில் வலை. வலை புடைத்திருந்தது. அதன் கண்கள் வழியே மஞ்சளாக ஏதோ பிதுங்கியது.

“வேடன்!” என்று கத்தினாள் முன்சொல்லி. “வரும் வழியிலேயே மாங்குயிலைப் பிடித்து அடைத்திருக்கிறான், பாருங்கள். மஞ்சள் தெரிகிறது!”

குட்டையில் கழுத்தளவு கிடந்த எருமைக்கடா மாமா தலையைத் தூக்கினார். “என்ன மருமகளே, ஒரு முட்டு முட்டிவிட்டு வரட்டுமா?”

“போங்கள் மாமா. கேட்டுக்கொண்டா இருப்பார்கள்?”

வந்தவன் பெயர் கொம்பையன், ஆற்றங்கரைக்காரன். கரையிலிருந்து இறங்கி நாலடி வைக்கவில்லை, கடா மாமா சேறு தெறிக்கப் பாய்ந்துவிட்டார். ஒரு கொம்பு அவன் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. தட்டுத்தடுமாறிக் கரை ஏறி, ஒரு கருவேல மரத்தில் தொற்றிக்கொண்டான். போய்விடவில்லை. அங்கிருந்தே கூப்பிட்டான்.

“ஏ தாயி! மஞ்சக் காலு தாயி! மலையிலே மழை. ஆறு நிறைஞ்சு வாய்க்காலுக்குள்ள திரும்பிடுச்சு. உச்சிப்பொழுதுக்குள்ள தண்ணி இங்க வந்திரும். முட்டையை எடுத்து மேட்டுல வைக்கணும், என்னை விடுங்க!”

முன்சொல்லி சிரித்தாள். “கேட்டீர்களா? முட்டையை எடுக்க வேண்டுமாம். வேடன் வேறு எப்படிப் பேசுவான்?”

“அக்கா,” என்றாள் வானம்பாடி, “நிஜமாக இருந்தால்? நான் ஒரு நடை பறந்துபோய் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வரட்டுமா?”

“நீ எழுந்தால் அவன் முட்டையைப் பார்த்துவிடுவான். அதற்குத்தானே சொல்கிறான். உட்காரடி.”

“அடிபட்டும் போகாமல் நிற்கிறானே, அக்கா.”

“முட்டைமேல் அவ்வளவு ஆசை.”

எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. அவன் கத்தினால் ஏமாற்றுகிறான், கத்தாவிட்டால் பதுங்குகிறான். வானம்பாடி சிறகை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்பே தண்ணீர் வந்தது. சத்தமே இல்லை. வெடிப்புகளுக்குள் புகுந்து, நுரையும் சருகுமாக, அடியிலிருந்து ஊறுவதுபோல் வந்தது. முன்சொல்லியின் அடிவயிறு நனைந்தது. எழுந்து முட்டைகளை அலகால் தள்ளிப் பார்த்தாள். வழுக்கின. மறுபடி தள்ளினாள். தண்ணீர் அவள் காலை மூடியது.

“மாமா! மாமா!”

“நான் கால் வைத்தால் உடைந்துவிடுமே அம்மா,” என்று கடா மாமா நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

கொம்பையன் மரத்திலிருந்து குதித்தான். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே ஓடிவந்து, முழங்கால் தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் துழாவினான். அங்கே துழாவினான், இங்கே துழாவினான். கிடைத்தது ஒன்றே ஒன்று. முன்சொல்லியின் முட்டை. வானம்பாடியின் இரண்டும் போய்விட்டன.

கரைக்கு வந்து வலையைப் பிரித்தான். உள்ளே இருந்தது வைக்கோல். முட்டை உடையாமல் இருக்க வீட்டிலிருந்தே சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். அதில் முட்டையை வைத்து, மேட்டில் ஒரு குழி பறித்து இறக்கினான்.

வானம்பாடி வந்து பார்த்தாள். “உன் பேச்சை நம்பினேன் அக்கா,” என்றாள். நேரே மேலே எழும்பி, கண்ணுக்குப் புள்ளியாகி, மறைந்துபோனாள்.

முன்சொல்லி குழியருகே வந்து முட்டையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், “ஐயா, அந்த வலை எதற்கு?”

“மீனுக்கு. பசி வந்தா கொக்கும் பிடிச்சிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன்.”

“பிறகு ஏன் எங்களுக்காக நடந்து வந்தீர்?”

“போன வருஷம் இதே தண்ணியில ஏழெட்டு முட்டை மிதந்து வந்து என் வலையில விழுந்துச்சு. கையில எடுத்துப் பார்த்தேன். அன்னைக்குச் சோறு இறங்கல.” துண்டைக் கிழித்துத் தொடையில் கட்டிக்கொண்டான். “கிட்ட வந்து ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்திருக்கலாம் தாயி.”

வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடக்க ஆரம்பித்தான்.

கடா மாமா மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். அவர் கொம்பில் இன்னும் இரத்தம் இருந்தது. “யார் மருமகளே அது? நல்லவன்தானே?”

நல்லவன் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கொக்கு பிடித்தவன். முட்டைக்காகத் தண்ணீருக்கு முன்னே நடந்தவன். நாளைக்கு எப்படி வருவானோ?

“ஆள்,” என்றாள்.

“ஆள் என்றால்?”

“எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மாமா.”

சொல்லிவிட்டு எழும்பினாள். அவன் தலைக்கு மேலே, முகம் தெரிகிற அளவுக்குத் தாழ்வாக, வட்டம் வட்டமாகச் சுற்றினாள். “ஆள்! ஆள்!” என்று கத்திக்கொண்டே கூடப் போனாள். கொம்பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நொண்டி நொண்டி நடந்து கரை திரும்பும் இடத்தில் மறைந்தான்.

அன்று முதல்தான் அவளை ஆள்காட்டி என்கிறார்கள். விதைக்க வந்தாலும் வேட்டைக்கு வந்தாலும், வருகிறவர் தலைக்கு மேலே கிட்டத்தில் வந்து சுற்றிச் சுற்றி ஒரே சத்தம்தான் போடுகிறாள். அவர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் இன்றுவரை சொன்னதே இல்லை.