எறங்கிப்போன பேட்டரியும் இசக்கிமுத்து கல்யாணமும்

கோணங்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்பார்கள் ஊரில். அதுவே கொஞ்சம் தாராளம்தான். மூத்தவன் ஆவுடையப்பன், அடுத்தவன் சுடலை, கடைக்குட்டி இசக்கிமுத்து.

இசக்கிமுத்துக்குக் கல்யாணம். பெண் கோமதி, பக்கத்து ஊர். "மாப்பிள்ளை கார்லதான் வரணும். முகூர்த்தம் தப்பிச்சுன்னா முறைமாப்பிள்ளை மாசானம் இருக்கான்" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மாசானமும் பட்டுவேட்டியை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

தாத்தா வாங்கிய காரைக் கழுவி, மாலை போட்டு, சாவியைத் திருகினார்கள். 'டிக்' என்றது. அதோடு சரி.

மெக்கானிக் சேவியருக்குப் போன் போட்டார்கள். "பேட்டரி எறங்கிட்டு வே. பெல்ட் லூசா இருக்கும், இறுக்குங்க. எர்த் நல்லா இருக்கான்னு பாருங்க. சார்ஜ் ஏறிரும்" என்றார் அவர்.

பானெட்டைத் திறந்து பார்த்தான் சுடலை. "எறங்கலியே அண்ணே. இங்ஙனதான இருக்கு."

ஆவுடையப்பன் தாடையைத் தடவினான். "எறங்கித்தான் இருந்திருக்கும்லே. நாம வாரதப் பாத்துட்டு ஏறிக்கிட்டு."

பெல்ட் போட்டிருந்தது சுடலை ஒருத்தன்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறுக்கினார்கள். அவனுக்கு முழி பிதுங்கிவிட்டது.

"சார்ஜ் ஏறுதாலே?"

"மூச்சே ஏறல அண்ணே."

எர்த் என்றால் மண் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இசக்கிமுத்துக்கு ஞாபகம் வந்தது. வாசலில் கிடந்தது வெறும் சரள். குளத்து வண்டலை அள்ளிவந்து பேட்டரியைச் சுற்றிக் கொட்டி, காயாமலிருக்கத் தண்ணீரும் தெளித்தார்கள். கல்யாணச் சட்டை என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மனசு கேட்காமல் சேவியரே வந்துவிட்டார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். மண்ணை வழித்துப் போட்டு, வண்டியின் பெல்ட்டை இறுக்கி, "சரி, தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோம்" என்றார்.

மூன்று பேரும் வேப்பமரத்தடி வரைக்கும் தள்ளிப்போய் நின்றார்கள். "தள்ளியாச்சு அண்ணாச்சி. நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க."

பிடரியைப் பிடித்துக் கொண்டுவந்து தள்ளவைத்தார். வண்டி உறுமியது. "இனிதான் பேட்டரில சார்ஜ் ஏறும். எங்கயும் நிறுத்திராதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். கார் வந்தது. அப்படியே போனது. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது.

"எறங்குங்க மாப்ள, நேரமாகுது" என்று கூடவே ஓடினார் மாமனார்.

"நிறுத்தக்கூடாதாம் மாமா" என்றான் இசக்கிமுத்து. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, பாவம். உள்ளே ஐயர் அவசரப்படுத்தினார். மாசானம் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

அந்த நேரம் பார்த்து பெட்ரோல் தீர்ந்தது. வண்டி தேய்ந்து தேய்ந்து ஓடியது.

"நிக்கப்போவுதுலே" என்று அலறிக்கொண்டு மூன்று பேரும் குதித்துத் தள்ளினார்கள். அழுதுகொண்டே தள்ளுகிற மாப்பிள்ளையைப் பார்த்துக் கோமதிக்கு மனசு இளகிவிட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு அவளும் வந்து தள்ளினாள். ஐயர் பின்னால் வந்தார், மேளக்காரர்கள் அவருக்குப் பின்னால் வந்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை.

ஆனால் தாலி கட்ட இரண்டு கையும் வேண்டுமே? அந்த ஒரு நிமிஷம், மாப்பிள்ளைக்குப் பதிலாக மாசானம் வண்டியைத் தள்ளினான்.