உச்சி வெயில் கணக்கு

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன பாய்மரக் கப்பல், காற்றில்லாமல் நடுக்கடலில் நின்றுவிட்டது. கரும்புத் தோட்ட வேலைக்குப் போகிற சனங்களைக் கீழ்த்தளத்தில் அடைத்திருந்தார்கள். மேலே ஒரு பலகை மூடி. காற்று வர அது ஒன்றுதான் வழி.

வழி பார்க்கிற மாலுமி மஸ்தான் மரைக்காயர். அவரிடம் தொழில் படித்தவன் பிச்சைக்கனி. குருவை உஸ்தாது என்றுதான் கூப்பிடுவான். அன்று உச்சி வெயிலில் சூரியனை அளந்து, கப்பல் நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால், அவனையும் மாலுமியாக்குவதாகக் கப்பல் தலைவர் கப்பித்தான் துரை சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, கீழ்த்தளத்திலிருந்து கைப்பிள்ளையோடு அஞ்சலை ஏணியில் ஏறி வந்தாள்.

"ஐயா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச நேரம் மேல வச்சுக்கிறேன்."

"இறங்கும்மா கீழே! அது கத்துற கத்துல எனக்குக் கணக்கே மறந்துபோகுது."

அவள் இறங்கியதும் பிச்சைக்கனி மூடியை இழுத்துச் சாத்தினான். அளந்தான். வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"உஸ்தாது, கணக்கு வந்திடுச்சு! நாம நிக்கிற இடம் இதுதான்."

மரைக்காயர் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

"அழுத பிள்ளை எங்கடா?"

"சத்தம் நின்னுடுச்சே. தூங்கியிருக்கும்."

அவர் ஓடிப்போய் மூடியைத் திறந்தார். பிள்ளை தலை தொங்கிக் கிடந்தது. வாங்கி மேலே கொண்டுவந்து, முகத்தில் நல்ல தண்ணீர் தெளித்தார். வெகுநேரம் கழித்து அது முனகியது.

"எல்லாரும் மேல வாங்க," என்று கத்தினார். தளம் நிறைந்தது. பிச்சைக்கனியிடம் திரும்பினார்.

"கீழ இன்னும் யாரும் இருக்காங்களா, பாரு."

அவன் இறங்கினான். தலைக்குமேல் மூடி விழுந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டார் மரைக்காயர்.

"உஸ்தாது! திறங்க! நாத்தம் தாங்கலை, மூச்சு விட முடியலை!"

"கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கய்யா," என்றாள் அஞ்சலை. "அவரு கத்துற கத்துல என் பிள்ளை பயப்படுது."

மரைக்காயர் மூடியைத் தட்டினார்.

"நாம எங்க நிக்கிறோம்? சொல்லு, திறக்கிறேன்."

"இருட்டுக்குள்ள இருந்து எப்படிச் சொல்றது?"

"இப்பத்தானே சொன்னே! காத்து இல்லை, கப்பல் அசையலை. மேல தெரிஞ்ச இடம் கீழ தெரியலையா?"

உள்ளே கத்தல் அடங்கியது. பிறகு மெல்லக் குரல் வந்தது.

"நரகத்துல நிக்கிறோம், உஸ்தாது."

மரைக்காயர் எழுந்து மூடியைத் திறந்தார். கை கொடுத்து அவனை மேலே இழுத்தார்.

"கப்பித்தான் காத்திருக்கார். போய் அதையே சொல்லு."